குழந்தைசாமி என்னை முந்திய நாள்

குழந்தைசாமியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் பற்றிக்கொண்டுதான் வரும். என் சித்தப்பா மகன், என்னைவிடப் பதினேழு வயது இளையவன். மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் ஊர் மொத்தமே பதினோரு குடி. அந்தப் பதினோரு குடியிலும் ஒரு மனுஷனை நிம்மதியாகக் கூழ் குடிக்க விடாதவன் என்றால் அவன் ஒருத்தன்தான்.

எல்லாம் துறையூரில் ஆரம்பித்த வினை. மிளகு மூட்டையைச் சுமந்துகொண்டு நசீர் அகமது பாய் கடைக்குப் போனான். பாய் மிளகு வியாபாரிதான், ஆனால் அவருக்கு உயிர் ஓட்டத்தில். சாயங்காலமானால் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு பனியனும் அரைக்கால் சட்டையுமாக மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு பலகை. நம்மவன் அதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறான். மிளகோடு இறங்கிப் போனவன் ஒரு விசிலோடு ஏறி வந்தான். அடுத்த வாரமே எங்கள் ஊரிலும் ஓட்டச் சங்கம் வந்துவிட்டது.

பொய் சொல்லக் கூடாது, சங்கம் நன்றாகத்தான் இருந்தது. விடிந்ததும் களத்தைப் பத்துச் சுற்று ஓடுவோம். ஓடி முடித்தால் அவன் பெண்டாட்டி அம்சவேணி ஆளுக்கு ஒரு சட்டிக் கூழும் பச்சை மிளகாயும் கொடுப்பாள். சங்கத்தில் பதினான்கு பேர் இருந்தோம். அதில் பத்துப் பேராவது கூழுக்கு வந்தவர்கள். நானும் கூழுக்கு வந்தவன்தான், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

இப்படியே போயிருந்தால் வம்பில்லை. முப்பத்தைந்தாம் வருஷம், சீமை ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆன கொண்டாட்டம் வந்தது. தாலுகாவில் ஓர் அதிகாரி இருந்தார், விளையாட்டு என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிறவர். அந்தச் சமயம் எங்கள் மலைப்பாதைக்குத் தபால் பை தூக்கி ஓடுகிற வேலை காலியாக இருந்தது. காலில் பலமுள்ள ஆளாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று தபாலாபீசார் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். கொண்டாட்டத்தையும் இதையும் சேர்த்து அவர் ஒரு நோட்டீஸ் அடித்துவிட்டார். மலைமேலிருந்து காட்டுவழியாக அடிவாரத்துப் புளியஞ்சோலை வரைக்கும் கிராஸ் கண்ட்ரி ஓட்டப் பந்தயம். முதலில் வருகிறவனுக்குத் தபால் வேலை. ஆனால் தனியாள் வரக் கூடாது. ஒரு சங்கம் என்றால் ஆறு பேர் ஓட வேண்டும், ஆறு பேரும் பொழுது சாய்வதற்குள் தன் காலால் வந்து சேர வேண்டும். ஒருத்தன் குறைந்தாலும் அந்தச் சங்கத்துக்குக் கணக்கில்லை.

குழந்தைசாமிக்கு அந்த வேலை வேண்டும். இரண்டு வருஷமாகச் சாமை பொய்த்துப் போயிருந்தது. ஆனி பிறந்தால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து மேஸ்திரி ஆள் பிடிக்க வருவான். இவர்களை அவனோடு அனுப்பிவிடுவதாகக் குழந்தைசாமியின் மாமனார் வாக்குக் கொடுத்துவிட்டார். அம்சவேணிக்கு இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. தபால் வேலை கிடைத்தால் மலையில் இருக்கலாம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதற்கப்புறம்தான் எங்கள் நிம்மதி போனது. மூன்று மாதம் அவன் வாசல் வாசலாக ஏறி இறங்கினான். ஏர் ஓட்டினால் பக்கத்திலேயே நடந்துகொண்டு பேசுவான். மிளகு பறிக்க ஏறினால் மரத்தடியில் நின்று பேசுவான். நான் காட்டுக்கு ஒதுங்கினால் நாகரிகமாகக் கொஞ்சம் தள்ளி நின்று பேசுவான். களத்தைச் சுற்றுகிற கால்தானே, காட்டில் ஓடினால் என்ன என்பதுதான் அவன் கேள்வி.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்களா? அருணாசலம் பன்றிக் காவல் இருக்கிறது என்றான். பன்றி ராத்திரிதானே வரும் என்றால், பகலில் தூங்க வேண்டாமா என்றான். கருப்பண்ணன் இன்னும் மேலே போனான். "ஏன்டா கண்ணு, புளியஞ்சோல வரைக்கும் சும்மா கைய வீசிக்கிட்டு எறங்கறதுக்கு எனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? ஒரு பலாப்பழமாச்சும் தூக்கிக்கிட்டுத்தான் வாரேன்" என்றான். ஓட்டப் பந்தயத்துக்குப் பலாப்பழத்தோடு யாராவது வருவார்களா என்று குழந்தைசாமி தலையில் அடித்துக்கொண்டான். கருப்பண்ணன் அசையவில்லை. கடைசியில் பழத்துக்குச் சம்மதித்துத்தான் அவனைச் சேர்க்க வேண்டியிருந்தது.

உண்மையான சிக்கல் பன்றியும் இல்லை, பழமும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒற்றையடிப் பாதையில் மூத்தவனைத் தாண்டி இளையவன் போக மாட்டான். மூத்தவன் பாதையை விட்டு விலகினால்தான் போகலாம். விலகாவிட்டால் பின்னால் எவ்வளவு அவசரம் இருந்தாலும் அவன் நடைக்குத்தான் நடக்க வேண்டும். களத்தைச் சுற்றும்போது இந்தத் தொல்லை கிடையாது. வட்டத்தில் யார் முன்னால், யார் பின்னால் என்று யார் கண்டார்கள்? காட்டுப்பாதை அப்படி இல்லை. சேர்ந்த ஆறு பேரில் நான்தான் மூத்தவன், குழந்தைசாமிதான் கடைக்குட்டி.

"ஓட்டத்துல அண்ணன் தம்பி கெடையாதுங்க. முந்தறவன் முந்தோணும்" என்று அவன் மூன்று மாதமும் ஓதினான். அதற்கு ஒரு திட்டமும் போட்டான். புறப்படுகிற இடம் அகலமான மேய்ச்சல் நிலம். அங்கேயே அவன் முன்னால் ஓடிப் பாதைக்குள் நுழைந்துவிடுவான், நாங்கள் பின்னால் வர வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் எனக்கு எதற்கு இந்தக் கூத்து என்று இருந்தேன். ஒருநாள் அம்சவேணி வந்தாள். "மாமா, நீங்க ஓடலீன்னா ஆறு பேரு சேராதுங்க. ஆனியில நாங்க எறங்கிப் போயிருவோமுங்க" என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் கூழை இரண்டு வருஷம் குடித்தவன் என்ன சொல்ல முடியும்? வருகிறேன் என்று ஆள் அனுப்பினேன்.

சித்திரைக் கடைசியில் பந்தயம். கீழ்நாட்டிலிருந்து மூன்று சங்கங்கள் வந்திருந்தன, பதினெட்டுப் பேர், எல்லோரும் பனியன். நாங்கள் ஆறு பேர், கோவணத்துக்கு மேல் துண்டு. கருப்பண்ணன் தலையில் பலாப்பழம். விசில் ஊதியதும் கீழ்நாட்டார் பறந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே குழந்தைசாமி போனான். மான் மாதிரி போனான் என்றே சொல்லலாம், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். பாதையின் வாயை அடைந்தான். அங்கே நின்றுவிட்டான்.

நின்று, திரும்பி, எங்களைப் பார்த்தான். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து வரிசையாக அவன் பக்கத்தில் நின்றோம். கடைசியாக நான் மூச்சிரைக்க வந்தேன்.

"ஏன்டா நின்ன?"

"காலு நின்னுபோச்சுங்கண்ணா. நீங்க முன்னால போங்க."

மூன்று மாதம் என் உயிரை எடுத்தவன் இவன்! ஓட்டத்தில் அண்ணன் தம்பி கிடையாது என்று தொண்டை கிழியக் கத்தியவன் இவன்! அங்கேயே அவனை அறைந்திருப்பேன். நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாதைக்குள் இறங்கினேன். எனக்குப் பின்னால் பலாப்பழத்தோடு கருப்பண்ணன், அப்புறம் அருணாசலம், மாணிக்கம், மாணிக்கத்தின் தம்பி, எல்லோருக்கும் கடைசியில் வேலை வேண்டியவன்.

ஒரு மைல் தூரம் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், ஒதுங்க இடம் கிடையாது. என்னால் முடிந்தவரை ஓடினேன். நெஞ்சு வலித்தது. ஒரு ஓடை குறுக்கிடுகிற இடத்தில் கொஞ்சம் அகலம் தெரிந்தது. குழந்தைசாமி போகட்டும் என்று பாதையை விட்டுப் பக்கத்துப் பாறைமேல் குதித்தேன். பாறையெல்லாம் பாசி. கணுக்காலில் ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. ஓடைக்குள் கிடந்தேன்.

கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒருத்தன் விலகி என்ன பயன்? அவனுக்கு முன்னால் இன்னும் நான்கு மூத்தவர்கள் நிற்கிறார்களே! என் மூளையை என்னவென்று சொல்ல? ஆனால் நான் விழுந்ததைப் பார்த்ததும் கருப்பண்ணன் பழத்தைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தான். மற்ற மூன்று பேரும் வந்தார்கள். குழந்தைசாமியும் வந்து என் காலைப் பிடித்தான்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பாதையில் ஒருத்தர்கூட இல்லை.

"என் காலைத் தொடாதடா! பாதையப் பாரு, எல்லாரும் இங்கதான் இருக்கறோம். ஓடு!" என்று கத்தினேன்.

"உங்கள உட்டுட்டு எப்புடீங்கண்ணா?"

கையில் அகப்பட்ட சேற்றை அள்ளி அவன் முகத்தில் அடித்தேன். "வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணோட அவ ஏற்காட்டுல களை பறிக்கோணுமா? ஓடுடா மடையா!"

அவன் முகத்தைத் துடைக்கவில்லை. எழுந்து பாதைக்குப் போனான். என்னைத் தாண்டும்போது அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். அப்புறம் அவன் இறங்கிய வேகத்தை நாங்கள் ஐந்து பேரும் பார்த்தோம். களத்தில் எங்களோடு ஓடியபோது பாவி தன் ஓட்டத்தில் பாதியைக்கூடக் காட்டியதில்லை.

இனி நான் கீழே போய்ச் சேர வேண்டும். தூக்கிக்கொண்டு போனால் செல்லாது. கம்பு ஒன்று வெட்டிக் கொடுத்தார்கள். நொண்டிக்கொண்டு பாதையில் ஏறினேன். பின்னால் நான்கு பேரும் வரிசையாக வந்தார்கள். நீங்களாவது முன்னால் போய்த் தொலையுங்கள் என்றேன்.

"அவசரம் ஒண்ணுமில்லீங்க" என்றான் கருப்பண்ணன், பழத்தை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு.

நான்கு மைல், நொண்டி ஒருத்தன் பின்னால் நான்கு பேர் ஓட்டப் பந்தயம் ஓடிய கதை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. புளியஞ்சோலையை அடைந்தபோது சாயங்கால வெயில் மரத்து உச்சிக்கு ஏறியிருந்தது. நசீர் பாய் அதிகாரியின் பக்கத்தில் நின்றுகொண்டு, இதோ வந்துவிடுவார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்று அவரைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தார். பாறை இறக்கத்தில் கீழ்நாட்டார் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறார்கள்; குழந்தைசாமி அத்தனை பேரையும் தாண்டி முதலில் வந்திருந்தான். ஆறாவது ஆளாக மாணிக்கத்தின் தம்பி கயிற்றைத் தாண்டினான். கருப்பண்ணன் தாண்டிய கையோடு பழத்தையும் விற்றுவிட்டான்.

வேலை கிடைத்தது. ஏற்காட்டு மேஸ்திரி ஆளில்லாமல் திரும்பிப் போனான். இரண்டாவது குழந்தை மலையிலேயே பிறந்தது. இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் இன்னும் புலம்புகிறேன்?

என் கணுக்கால் கோணலாகக் கூடிவிட்டது. இப்போது இந்த மலையிலேயே என்னைவிட மெதுவாக நடக்கிறவன் கிடையாது. குழந்தைசாமி தோளில் தபால் பையும் கையில் சலங்கை கட்டின ஈட்டியுமாக ஓடி வருவான். முன்னால் நான் போய்க்கொண்டிருந்தால் அவ்வளவுதான். என் முதுகுக்குப் பின்னால் ஜல் ஜல் என்று நடப்பான். நான் பாதையை விட்டு ஒதுங்கினால் கால் வலிக்கிறதா என்று அவனும் ஒதுங்கி நின்றுவிடுவான். அன்றைக்கு ஒருநாள் தாண்டியதற்குத்தான் இதெல்லாம் என்று எனக்குத் தெரியும்.

"டேய், அது கவருமெண்டுப் பைடா" என்று ஒருநாள் கத்தினேன்.

"பை கவருமெண்டோடதுங்க. காலு என்னோடதுங்களே" என்றான்.

தபால் தாமதமாக வருகிறது, இன்னொரு முறை இப்படி ஆனால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்று நசீர் பாய் சொல்லி அனுப்பினார். அவனிடம் சொன்னால் தலையாட்டுவான், மறுநாள் மறுபடியும் என் பின்னால் வருவான். அதனால் நானே ஒரு வழி செய்துகொண்டேன். சலங்கைச் சத்தம் தூரத்தில் கேட்டதும் பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நாற்பத்தெட்டு வயதில், மூன்று பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகு, திருடனைப் போல.

போன வாரம் சலங்கை நான் இருந்த புதருக்கு நேராக வந்து நின்றது.

"அண்ணா, அங்க முள்ளு கெடக்குதுங்க. பாத்து உக்காருங்க. நான் வாரேனுங்க."

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுவான். இறக்கத்தில் அந்தச் சத்தம் தேய்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.