சரோஜா சாகவிட்ட கழுதை

சரோஜாவுக்கு முதல் வேலை போனது ஒரு மூக்கினால். சென்னையில் சினிமா பேனர் வரையும் கம்பெனி ஒன்றில் இருந்தாள். பெண் என்பதால் சாரத்தில் ஏற விடமாட்டார்கள். கீழே உட்கார்ந்து ஓரங்களுக்கு வண்ணம் அடிப்பதுதான் அவள் வேலை. ஒருநாள் மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில் ஏறி, கதாநாயகனின் கோணல் மூக்கைத் திருத்திவிட்டாள். மூக்கு நன்றாகவே வந்திருந்தது. மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சொந்த ஊரான வடக்குப்பட்டுக்குத் திரும்பியவளை ஒரகடத்து ரைஸ் மில் முதலாளி தாண்டவராயன் கூப்பிட்டு அனுப்பினார். மில்லுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஷெட்டில் அவர் ஒரு கார்ட்டூன் படம் எடுக்கப்போகிறார் என்றதும் ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ‘பூவரசங்காட்டுக் கழுதை’ என்ற சிறுவர் கதையைச் சின்ன வயதில் படித்ததிலிருந்து அவருக்கு அந்த ஆசை. பள்ளிக்கூட நூலகங்களில் அட்டை கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்த புத்தகம் அது. உப்பு மூட்டை சுமக்கும் ஒரு கிழட்டுக் கழுதையும் அதை ஓட்டிப்போகும் சிறுமியும்தான் கதை. கடைசி அத்தியாயத்தில் பூவரச மரத்தடியில் கழுதை படுத்துவிடும். பிறகு எழுந்திருக்காது.

சரோஜா காகிதத்தில் வரைந்தாள். சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்த கிரேசியும் இன்னும் சில பெண்களும் அதைக் கண்ணாடித்தாளில் நகலெடுத்து வண்ணம் தீட்டினார்கள். கழுதை ஒரு அடி எடுத்து வைக்க ஒரு கட்டுப் படம் வேண்டும். மின்சாரம் போனால் ஷெட் கதவைத் திறந்து வைத்து வரைவார்கள்.

தொண்ணூற்றொன்று மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. சாலையெங்கும் போலீஸ் சோதனை. பல நாள் வேலை நின்றது. மறுபடி ஷெட்டைத் திறந்த அன்று தாண்டவராயன் சொன்னார்:

“சரோஜா, கழுதை சாவ வாணாம். எழுந்து நிக்கிற மாதிரி மாத்திடு.”

“கதையில சாவுது சார்.”

“மூணாங்கிளாஸ்ல அதப் படிச்சிட்டு நான் ரெண்டு நாள் சோறு துன்னல. இந்தப் பக்கத்துல இப்ப நடந்த சாவு போதும். என் பையன் இதப் பாத்து அழக்கூடாது.”

“அழுதா இன்னா சார்?”

அவர் மில்லுக்குள் போய்விட்டார்.

சரோஜாவுக்கு எட்டு வயதாக இருந்தபோது அவள் தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். அவளிடம் யாரும் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் பெரியம்மா வீட்டில் இருக்கிறான் என்றார்கள். அவனுக்கென்று கமர்கட் எடுத்து வைத்துக்கொண்டு வெகுகாலம் காத்திருந்தாள். இந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்த அன்றுதான் தம்பி எங்கே போனான் என்பது அவளுக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போய், “ஏம்மா பொய் சொன்ன?” என்று கேட்டு அடி வாங்கினாள்.

எனவே அவள் மாற்றி வரையவில்லை. தாண்டவராயன் சென்னையிலிருந்து வேறொரு ஓவியரை அழைத்து வந்தார். அவர் வரைந்த கழுதை காதை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றது. அந்தத் தாள்கள் மேசைக்கு வந்தபோது கிரேசி பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டாள்.

“அக்கா வரையாததுக்கு நாங்க கலர் அடிக்கமாட்டோம் சார்.”

“வேலை போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

தாண்டவராயன் ஷெட்டைப் பூட்டினார். பெண்கள் தினமும் வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ரைஸ் மில்லுக்கு நெல் கொண்டுவந்தவர்கள் என்ன ஏது என்று விசாரித்தார்கள். கழுதைக்காக என்றால் யார் நம்புவார்கள்? ஆனாலும் அப்படியே சொன்னார்கள்.

ஒரு காலையில் தாண்டவராயன் தனியாக உள்ளே போனார். சரோஜா பென்சிலில் வரைந்து வைத்திருந்த கடைசிக் காட்சியின் தாள்களை எடுத்து, கட்டை விரலால் விடுவிடுவென்று புரட்டினார். கழுதை முன்னங்கால்களை மடக்கியது. தலையைச் சாய்த்தது. ஒரு காது மெல்லத் தாழ்ந்தது. அவர் வெளியே வர நேரமாயிற்று. கண் சிவந்திருந்தது, கோபமும் இருந்தது.

“சாவட்டும். ஆனா ஒம் பேரு படத்துல வராது.”

“பேரு வாணாம் சார்,” என்றாள் சரோஜா. “கதவத் தொறங்க.”

படம் முடிந்தது. தொலைக்காட்சியில் எடுத்துக்கொள்ளவில்லை; சோகமாக இருக்கிறதாம். தாண்டவராயன் புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்துப் பள்ளிக்கூடங்களில் போட்டுக் காட்டினார். சரோஜாவும் கூடவே போனாள். யாரும் கூப்பிடவில்லை.

படப்பைப் பக்கம் ஒரு பள்ளியில் கழுதை தடுமாறத் தொடங்கியதும் தலைமையாசிரியர் வேகமாக எழுந்து வந்தார்.

“போதும், இதோட நிறுத்துங்க. பசங்க அழுவுதுங்க.”

அவர் கை சுவிட்சுக்குப் போவதற்குள் சரோஜா குறுக்கே வந்து நின்றாள்.

“கைய எடுங்க சார்.”

“யாரும்மா நீ?”

“அந்தக் கழுதைய வரைஞ்சவ. முழுசாப் பாக்கட்டும்.”

அவர் தாண்டவராயனைப் பார்த்தார். தாண்டவராயன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஓடட்டும் சார்,” என்றார்.

காது தாழ்ந்தது. கூடத்தில் பலர் தேம்பினார்கள். விளக்கைப் போட்டபோது முன்வரிசையில் ஒரு சிறுமி மூக்கைத் துடைத்துக்கொண்டே சரோஜாவிடம் கேட்டாள்:

“இனிமே உப்பு மூட்டைய யாரு தூக்கினு போவா?”

“அந்தப் பொண்ணுதான்,” என்றாள் சரோஜா.

“அவ்ளோ கனத்தயுமா?”

“கொஞ்சம் கொஞ்சமா.”

சிறுமி யோசித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.