மூன்று முறை சென்றும் ஆளில்லை

ஒரு பெண் வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். இதை இதுவரை இரண்டு பேரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் கணவர். இன்னொருத்தி அந்தப் பெண்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் ஊராட்சியில் நான் அங்கன்வாடிப் பணியாளர். ஊரில் எல்லோருக்கும் டீச்சர். குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, அதையெல்லாம் போனில் ஏற்றுவது போக, வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் என்னிடம் இருந்தது. பி.எல்.ஓ. என்று சொல்வார்கள். என் சாவடிக்கு உட்பட்ட வீடுகளில் யாருக்குப் பதினெட்டு வயது முடிந்தது, யார் இறந்துபோனார், யார் வீடு மாறிப் போனார் என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். புதிதாகச் சேர்வதற்கு ஆறாம் படிவம், பெயரை நீக்க ஏழாம் படிவம். இரண்டும் என் பையில் எப்போதும் கிடக்கும்.

ஒரு சாவடிக்கான பட்டியலைப் பாகம் என்பார்கள். என் பாகத்தில் ஊர்த் தெருக்கள் மூன்று, காலனி ஒன்று. நடுவில் ஒரு கம்பெனியின் நீண்ட காம்பவுண்டு சுவர். நான் ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். ஊர்த் தெருவில் ஒரு பெயர் விட்டுப்போனால் மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். அதனால் அங்கே ஒரு வீட்டை இரண்டு தடவை பார்ப்பேன். காலனிக்காரர்கள் அப்படி வந்து கேட்க மாட்டார்கள். அங்கே என் கை கொஞ்சம் தளர்ந்தேதான் இருந்தது. இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இது இல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது.

அவள் காலனிக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒரு கம்பெனி கேன்டீனில் ஒப்பந்தத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்ன மகள் என் மையத்துக்கு வந்தாள். காலனியின் போர் தண்ணீர் மஞ்சளாக வரும். பிடித்துவைத்தால் மேலே எண்ணெய் போல ஏதோ படியும். கிராம சபை நடக்கும் நாட்களில் அந்தத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து மேசை மேல் வைப்பாள். கத்தமாட்டாள். "இத ஒரு மடக்கு குட்ச்சி காட்டு சார், நான் போயிடறேன்" என்பாள். யாரும் குடித்ததில்லை.

அந்த வருடம் வீடு வீடாகச் சரிபார்க்கும் வேலை வந்தது. மேலே இருந்து தினமும் போன். எத்தனை வீடு முடிந்தது, ஏன் முடியவில்லை என்று அதட்டல். என் கணவருக்கு அப்போதுதான் சர்க்கரை முற்றிக் காலில் புண். மையத்தைப் பகல் பன்னிரண்டுக்கு ஆயாவிடம் விட்டுவிட்டு வெயிலில் கிளம்புவேன். அந்த நேரத்தில் காலனியில் பாதி வீடு பூட்டித்தான் இருக்கும். எல்லோரும் கம்பெனியில்.

அவள் வீடும் பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இவங்க எங்கம்மா?"

"அவுங்க பொன்னேரிக்குப் போயிட்டாங்களே டீச்சர். அவ ஊட்டுக்காரரோட அண்ணன் ஊட்ல கீறாங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. "பொன்னேரிக்குப் போய்விட்டார்கள்" என்பது எனக்குப் போதுமாக இருந்தது. கணவன், மனைவி, கணவனின் தம்பி என்று மூன்று பெயர்களுக்கு நேராக 'இடம் பெயர்ந்தவர்' என்று எழுதினேன். விதிப்படி மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும். கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து மூன்று வெவ்வேறு தேதிகளைப் போட்டு, 'மூன்று முறை சென்றும் ஆளில்லை. நோட்டீஸ் ஒட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் போனது ஒரு தடவை. எதையும் ஒட்டவில்லை.

அவள் கணவனின் வலது கை பிரஸ் மிஷினில் மாட்டி இரண்டு விரல் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்று பொன்னேரியில் அண்ணன் வீட்டில் ஒன்றரை மாதம் தங்கியிருந்தார்கள். தம்பியும் துணைக்குப் போயிருந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் திரும்பி வந்து, மகள் மறுபடி மையத்துக்கு வர ஆரம்பித்தபோது, நான் எழுதியது எனக்கு ஞாபகம் வரவே இல்லை. சரிபார்ப்பு நடந்த அந்தப் பத்து நாளில் நூற்றுக்கணக்கான பெயர்களை எழுதியிருந்தேன்.

அடுத்த வருடம் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். அவளுடைய வார்டு அந்த முறை தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. காலனிப் பெண்கள் சேர்ந்து அவளை நிற்கச் சொன்னார்கள். வேட்புமனுவுக்கு இரண்டு நாள் முன்னால் மகளை விட வந்தவள் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் நிக்கறேன். ஓட்டு கார்டு கீது, போன தடவ குட்த்த பூத் சிலிப்பும் பத்திரமா வெச்சினுகீறேன். அது போதும் இல்ல?"

நான் ஒரு குழந்தையைத் தராசில் உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். அது அழுதுகொண்டிருந்தது.

"போதும்மா. ஜாதிச் சான்றிதழ் மட்டும் மறந்துடாத" என்றேன்.

அட்டை என்பது வேறு, பட்டியலில் பெயர் இருப்பது வேறு. அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டும் இல்லை, போட்டியிடவும் முடியாது. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் இருந்துதான் ஊராட்சிக்கான பட்டியலைப் பிரித்து எடுக்கிறார்கள். அங்கே போன பெயர் இங்கேயும் போய்விடும். வேட்புமனு முடிவதற்குள் தெரிந்திருந்தால் சேர்த்துக்கொள்ள முயற்சியாவது செய்திருக்கலாம். இதையெல்லாம் பயிற்சி வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். பட்டியல் என் பின்னால் அலமாரியில் இருந்தது.

கடைசி நாள் மாலை அவள் மனுவைக் கொடுத்தாள். பழைய சிலிப்பில் இருந்த பாகம் எண், வரிசை எண்ணையே எழுதியிருந்தாள். கூட்டம் அதிகம். வாங்கியவர் அட்டையைப் பார்த்துவிட்டு மனுவை அடுக்கில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பரிசீலனை. ஊராட்சி அலுவலகமும் என் மையமும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. பதினொரு மணி சுமாருக்கு எழுத்தர் வந்து, "டீச்சர், சார் உன்ன கூப்புடுறாரு" என்றார்.

உள்ளே தேர்தல் அதிகாரி பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் முன்மொழிந்த பெண்ணும் காலனிப் பெண்கள் நாலைந்து பேரும். பக்கத்து நாற்காலியில் அதே வார்டுக்கு மனு போட்ட இன்னொரு பெண் தன் கணவனோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கணவன் ஊர்ப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றில் டிராக்டர் ஓட்டுபவன்.

"இந்த வரிசை எண்ல வேற யாரோ பேர் இருக்குதும்மா. உங்க பேர் லிஸ்ட்லயே இல்ல" என்றார் அதிகாரி.

"கார்டு கீதே சார். பாருங்க, என் போட்டோதான்."

"கார்டு இருக்குது. பேர் இல்ல." என் பக்கம் திரும்பினார். "இந்தப் பாகத்துக்கு பி.எல்.ஓ. நீங்கதானே? போன வருஷம் இவங்க குடும்பத்தையே இடம் மாறிட்டாங்கன்னு நீக்கியிருக்கு. நீங்க போய்ப் பாத்தீங்களா?"

அப்போதுதான் அந்தப் பூட்டிய கதவு எனக்கு ஞாபகம் வந்தது.

"பாத்தேன் சார்."

"மூணு தடவ?"

"மூணு தடவ சார். நோட்டீஸும் ஒட்டினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கடையில் எடை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், "நான் எங்கியும் போவல சார். அவருக்குக் கையில அடிபட்டு ஆஸ்பத்திரியில இருந்தோம்" என்றாள்.

"புரியுதும்மா. ஆனா இன்னைக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நேத்தோட முடிஞ்சிபோச்சு."

மனு தள்ளுபடி ஆனது. மாற்று ஆளாக வேறு யாரும் மனு போட்டிருக்கவில்லை. அந்த இன்னொரு பெண் போட்டியின்றித் தேர்வானாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஐந்து வருடத்தில் அவள் கூட்டத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. தீர்மான நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வந்தார்கள்.

ஓட்டுப்பதிவு அன்று எனக்குச் சாவடி வாசலில் சிலிப் எழுதிக் கொடுக்கும் வேலை. மற்ற வார்டுக்காரர்களுக்கு நாலு வாக்குச் சீட்டு: வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். வார்டு உறுப்பினருக்குப் போட்டி இல்லாததால் காலனிக்காரர்களுக்கு மூன்றுதான். "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டவர்களுக்கு உள்ளே இருந்தவர்கள் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் மதியம் வரை வரவில்லை. பிறகு முட்டிவலியால் தனியாக நடக்க முடியாத எதிர்வீட்டு அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். வாசல் வரை விட்டுவிட்டு, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். அந்த அம்மா மை வைத்த விரலோடு வெளியே வந்ததும் கூட்டிக்கொண்டு போனாள். என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனாள்.

எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். சோறு இறங்கியது. தூக்கமும் வந்தது. ஆனால் அவள் மகளின் தட்டில் முட்டை வைக்கும்போதெல்லாம் கை ஒரு நொடி நின்றது. கணவரிடம் சொன்னேன். "வெளிய சொல்லித் தொலைக்காத, வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்க" என்றார். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று ஆறாம் படிவங்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

கணவன் கட்டிலில் இருந்தான். என்னைப் பார்த்ததும் விரல் போன கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் கொடியில் இருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ரோலிங் மில்லின் கரித்தூள் துணியிலெல்லாம் படிந்திருந்தது. ஒவ்வொன்றாக உதறி மடித்தாள்.

படிவங்களைக் கட்டிலில் வைத்தேன். போட்டோ, ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல் போதும் என்று சொன்னேன். பிறகு, "நான் ஒரு தடவதான் வந்தேன். நோட்டீஸ் ஒட்டவே இல்ல. அன்னைக்கு ஆபீஸ்ல பொய் சொன்னேன்" என்றேன்.

துணியை உதறுவதை அவள் நிறுத்தவில்லை.

"தெரியும். எதிர்வூட்டம்மா அன்னிக்கே சொல்லிடுச்சி. டீச்சர் ஒரே ஒரு தபாதான் வந்துச்சின்னு."

"அப்புறம் ஏம்மா ஆபீசர்கிட்ட சொல்லல?"

"சொன்னா? அவரு உன்ன நம்புவாரா, என்ன நம்புவாரா?"

அதுவரை அவள் என்னை 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"நான் எழுத்துல கொடுக்கறேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றேன். அந்த நிமிடத்தில் உண்மையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

"இன்னாத்துக்கு? அவ ஜெய்ச்சிட்டா. எலெக்சனத் திருப்பி வெக்கப் போறாங்களா? உன் வேல போனா, வேற ஒருத்தி வருவா. அவளும் மத்தியானத்துலதான் வருவா." மடித்த துணியைத் தூக்கிக்கொண்டாள். "வெச்சிட்டுப் போ டீச்சர். நாங்களே எழுதிக் குட்த்துக்கறோம்."

அவர்கள் படிவத்தை என்னிடம் கொடுக்கவில்லை. கேன்டீனுக்கு லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போய் அவளே கொடுத்திருக்கிறாள். ஆனால் நேரில் விசாரித்து எழுதும் வேலை மறுபடி என்னிடம்தான் வந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு, ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் போனேன். அவள் கதவைத் திறந்து வாசலிலேயே நின்றாள்.

"நான் இங்கதான் கீறேன். எழுதிக்க" என்றாள்.

எழுதிக்கொண்டேன். சில வாரத்தில் மூன்று பெயரும் பட்டியலில் வந்துவிட்டன.

நான் எழுத்தில் எதையும் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அதே வேலையில் இருக்கிறேன். இப்போது காலனிக்கு மாலையில்தான் போகிறேன். அட்டையை நம்பாதீர்கள், பட்டியல் வரும்போதெல்லாம் வந்து பெயரைப் பாருங்கள் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறேன். சொல்லும்போது சில பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த ஊராட்சியின் காலம் முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர் பார்த்துக்கொள்கிறார். அடுத்த தேர்தல் எப்போது என்று தெரியவில்லை. வார்டு ஒதுக்கீடு மாறும் என்று பேசிக்கொள்கிறார்கள். மாறினால் அந்த வார்டில் பெரிய வீட்டு ஆட்களும் நிற்கலாம். போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கம்பெனி வேனுக்காக நின்றிருந்தாள். மகள் எந்த வகுப்பு என்று கேட்டேன். நாலாவது என்றாள். பிறகு, "மறுபடி நிப்பியாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல டீச்சர்" என்றாள். வேன் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.