கோட்டைமேல் உட்கார்ந்த ராஜா

தீபாவளி விடுமுறைக்குப் புனே பிள்ளைகள் வாசலில் மண்கோட்டை கட்டுவார்கள். புனேயின் கட்கிப் பகுதியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்தவர் வாட்ச்மேன். பெரிய மீசை; வாயில் எப்போதும் விசில்.

உச்சியில் ராஜா பொம்மையை வைக்கப்போகும் நேரம், என் இரண்டு வயதுப் பேரன் கையை உதறிவிட்டு ஓடி, அங்கே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். கோட்டை சரிந்தது. பிள்ளைகள் அழத் தயாரானார்கள். வெட்கத்தில் நான் இரண்டடி பின்வாங்கினேன்.

வாட்ச்மேன் விசிலோடு சிரித்தார். சிரிப்பு முழுவதும் விசிலாகவே வந்தது. பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள்.

“அரே அண்ணா, ராஜா ஆ கயா, ராஜா வந்தாச்சு! ஆவோ, வாங்க, கோட்டை கட்டலாம்” என்று இந்தியோடு தெரிந்த தமிழையும் கலந்து என்னைக் கூப்பிட்டார்.

யாரோடும் ஒட்டாமல் எட்ட நின்றே பழகிய நான் மண்ணில் உட்கார்ந்தேன். பேரன் என் வழுக்கையில் சேற்றை அப்பினான். இருட்டும்வரை எழவில்லை.

அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். இப்போது டிராஃபிக் போலீஸ் விசில் ஊதினால்கூட எனக்குச் சிரிப்பு வருகிறது.