ஸ்கூட்டர் போகிற வழியில் ஒரு டவுன் பஸ்

மகள் கல்லூரியில் சேர்ந்ததும் என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டுவிட்டாள். அதனால் பல வருடங்களுக்குப் பிறகு நான் மறுபடியும் டவுன் பஸ் ஏறினேன். துடியலூரில் ஏறி காந்திபுரத்தில் இறங்கினால், நான் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனிக்கு ஐந்து நிமிட நடை. டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கும் முன்சீட் முதல் வாரமே எனக்குப் பிடித்துப்போனது. முன்கண்ணாடி வழியாக ஊரே என் மடியில் வந்து விழுவது போலிருக்கும்.

அன்றைக்கு பஸ் ஓட்டியவர் புதியவர், ஐம்பதை நெருங்கிய வயது. அந்தியூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்து மூன்றாவது நாள் என்று அவரே சொன்னார்.

"அங்க ரோட்டுல மாடு நிக்குமுங்க. ஹாரன் அடிச்சா நகந்துக்கும். இங்க கார்காரங்க அசையவே மாட்டேங்கறாங்க."

மேட்டுப்பாளையம் ரோட்டில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. வழக்கமான பாதையில் அன்று தடுப்பு வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் கையை வீசி எல்லா வண்டிகளையும் இடப்பக்கம் திருப்பிவிட்டார். அதற்கு மேல் எப்படிப் போவது என்று சொல்ல ஆளில்லை. கண்டக்டர் பின்படிக்கட்டுக் கூட்டத்தில் மாட்டியிருந்தார். டிரைவர் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இப்ப எந்தப் பக்கமுங்க?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ரைட்டுல திரும்புங்கண்ணா. நேரா மெயின் ரோட்டுக்கே போயிரலாம்."

எத்தனையோ தடவை போன வழிதான். ஆனால் போனதெல்லாம் ஸ்கூட்டரில் என்பது, பஸ் முழுசாகத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

தெரு போகப் போகக் குறுகியது. ஒரு வளைவில் இடப்பக்கம் ஒரு முருங்கை மரம் காம்பவுண்டைத் தாண்டிச் சாய்ந்திருந்தது. வலப்பக்கம் உறை போட்டு மூடிய கார். பஸ் நின்றுவிட்டது. பின்னால் எடுக்கவும் முடியாது. பஸ்ஸே போகிறது, வழி இருக்கும் என்று நம்பி நாலைந்து காரும் ஒரு ஸ்கூல் வேனும் எங்கள் பின்னால் வந்து வரிசையாக நின்றன.

"ரூட்டு தெரியாதவங்ககிட்ட எதுக்கு வண்டியக் குடுக்கறாங்க?" என்று காரமடையிலிருந்து கறிவேப்பிலை மூட்டையோடு வந்த அம்மா ஆரம்பித்தார். "மெஸ்காரங்க எனக்காகக் காத்துட்டிருப்பாங்க!" இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

டிரைவர் திரும்பிப் பார்த்து, "நாந்தானுங்க தப்பாத் திருப்பிப்போட்டேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

முகமெல்லாம் எனக்குச் சுட்டது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த அம்மா இரண்டாவது ரவுண்டு திட்டும்வரை அப்படித்தான் இருந்தேன். பிறகு முடியவில்லை, எழுந்து நின்றேன்.

"அவரை வையாதீங்க. வழி சொன்னது நாந்தானுங்க."

"பஸ்ஸுக்கா சொன்னீங்க?" என்றார் அந்த அம்மா.

"ஸ்கூட்டருக்குச் சொல்லிப்போட்டேனுங்க."

முதலில் சிரித்ததும் அவர்தான். "சரி கண்ணு, எறங்கிப் போயி அந்தக் காரு யாருதுன்னு கேளு."

இறங்கி வீட்டுக் கதவைத் தட்டினேன். பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு ஒருவர் வந்தார். வாசலை அடைத்து நின்ற பஸ்ஸைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"எங்க வீதிக்கு பஸ் உட்டுட்டாங்களா?"

"இன்னிக்கு மட்டுமுங்க. காரைக் கொஞ்சம் நகத்திக் குடுங்க."

நுரையோடே காரை எடுத்து எதிர்வீட்டு கேட்டுக்குள் விட்டார். கேட்டைத் திறந்துவிட்ட பெண், "இது காந்திபுரம் போகுதுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் உள்ளே ஓடி, கைப்பையோடு வந்து வீட்டைப் பூட்டி ஏறிக்கொண்டாள். இரண்டு மாணவர்கள் குடைக்காம்பால் முருங்கைக் கிளையைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் பஸ்ஸுக்கு முன்னால் பின்நடையாக நடந்து, "வாங்க, வாங்க" என்று கைகாட்டினேன். இலைகள் உரச, அங்குலம் அங்குலமாக பஸ் வெளியே வந்தது. உள்ளே கைதட்டினார்கள்.

அடுத்த முக்கில் டிரைவர் மறுபடி வேகத்தைக் குறைத்தார். "இப்ப எந்தப் பக்கமுங்க?"

"அம்மணிகிட்டக் கேக்காதீங்க!" என்றது மொத்த பஸ்ஸும்.

இறங்கும்போது, "நான்தான் சொன்னேன்னு நீங்களே சொல்லியிருக்கலாமேங்கண்ணா?" என்றேன்.

"நீங்க தெனமும் இதுல வரோணுமில்லீங்க? என்னைய நாலு பேரு வைஞ்சா அது பழக்கந்தானுங்க."

அன்று ஆபீசுக்கு முக்கால் மணி நேரம் தாமதம். என்ன திட்டு வாங்கினேன் என்பதுகூட இப்போது நினைவில்லை.

மாற்றுப்பாதை சில வாரங்கள் இருந்தது. மறுநாளே அவர் சரியான தெருவைத் தெரிந்துகொண்டார். நான் அதே சீட்டில்தான் உட்கார்ந்தேன். ஒருநாள் டிரைவர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கூட்டிவரப் போவதாகச் சொல்லி, பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று கேட்டார். நான் ஒன்று சொன்னேன். பின்சீட்டிலிருந்து வேறொன்று வந்தது. காந்திபுரம் வரும்வரை அந்த வாக்குவாதம் ஓயவில்லை.