இருநூற்று ஐம்பது என்ற விடை

ஞாயிறு வகுப்பின் தேர்வுத்தாள்களைக் கழக்கூட்டத்திலுள்ள என் வீட்டு மேசையில் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே தொலைபேசியை எடுத்தேன். பேசியது செல்வி. "டீச்சரே, எஸ்தர் டீச்சர் போயிட்டாங்க. இப்பத்தான்." அவள் அழவில்லை. நானும் அழவில்லை. முன்னால் கிடந்த தாளில் ஒரு கணக்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தேன். 

எஸ்தர் டீச்சரை அறிந்தவர்களிடம் அவரைப் புகழ்ந்து பேச எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பாறசாலையிலிருந்து பேருந்தில் வருவார்; ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. என்னிடம் வாங்கிய புத்தகம் எதுவும் திரும்பி வந்ததில்லை. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் குரலை இறக்கிப் பேசக் கற்கவில்லை. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில், கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கு, பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்காக நாங்கள் இருவரும் சில ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்தோம். நான் கல்லூரியில் கற்பிப்பவள். நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு இயற்கணிதம் ஏறாது என்பது என் எண்ணம். அதை நான் மறைத்ததும் இல்லை.

செல்வி காய்கறிக் கடையில் பல வருடம் தராசு பிடித்தவள். ஓர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் வேலைக்குப் பத்தாவது தேர்ச்சி கேட்டார்கள். மற்ற பாடங்கள் முடிந்துவிட்டன. கணக்கு மட்டும் நின்றது. "அல்ஜீப்ராவை விட்டுவிடு, மீதியிலேயே தேறிவிடலாம்" என்று சொன்னது நான்தான். நான்கு மதிப்பெண்ணில் தவறினாள். இன்னும் ஒரே ஒரு தேர்வு. அதற்குப் பிறகு அந்த வேலைக்கு அவளுக்கு வயது கடந்துவிடும்.

அடுத்த வாரமே எஸ்தர் டீச்சர் அவளை என் வரிசையிலிருந்து தன் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். ஒரு தராசுக் கணக்கு கொடுத்தார்: ஒரு தட்டில் ஒரே அளவுள்ள இரண்டு பொட்டலங்களும் நூறு கிராம் வெங்காயமும்; மறு தட்டில் ஐந்நூறு கிராம் எடைக்கல். ஒரு பொட்டலம் எவ்வளவு? செல்வியின் விடை இருநூற்று ஐம்பது. எண்களை மாற்றிக் கொடுத்தாலும் அதே வகைத் தவறுதான். நூற்றைப் பொட்டலத்தின் பக்கம் மட்டும் எடுத்துவிடுவாள். அந்தப் பக்கத்து ஐந்நூறு அசையாது. ஒரு வருடமாக நான் அதை அடித்துக்கொண்டே வந்திருந்தேன்.

எஸ்தர் டீச்சர் அந்த விடையை அடிக்கவில்லை. "எதுக்கு மோளே இப்பிடிச் செய்தே?" என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் வாய் திறக்கப் போனேன். "டீச்சர் சும்மா இரி" என்றார்.

செல்வி சொல்ல வெட்கப்பட்டாள். பிறகு சொன்னாள். "எடைக்கல்லு தட்டுல கை வைக்கப்பிடாதுல்லா டீச்சரே. சாமான்தான் கூட்டிக் கொறைக்கணும். வாங்க வந்த ஆளு பாத்துட்டே நிப்பாங்க. கல்லைத் தொட்டா களவுன்னு சொல்லிருவாங்க."

அறையில் சிரிப்பு எழுந்தது. எஸ்தர் டீச்சர் சிரிக்கவில்லை. "நீ சொல்லது சரிதான். கடையில கல்லைத் தொடவே கூடாது. ஆனா இங்க வாங்குகிற ஆளும் இல்ல, விக்கிற ஆளும் இல்ல. ரெண்டு தட்டும் உனக்குள்ளதுதான். ரெண்டுலயும் ஒரே போல எடுத்தா ஆருக்கு நஷ்டம்?"

செல்வி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, தராசு போல ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "ஆருக்கும் இல்ல" என்றாள். அப்புறம் தானாகவே, "அப்ப இருநூறுதானே டீச்சரே?" ஒரு வருடம் அவளுக்குப் புரியவில்லை என்று நான் நினைத்திருந்தது புரியாமை அல்ல, நேர்மை.

அன்று பேருந்து நிறுத்தத்தில் எஸ்தர் டீச்சர் என்னைத் திட்டினார், வழக்கமான உரத்த குரலில், நாலு பேர் திரும்பிப் பார்க்க. "நீ பெரிய படிப்பு படிச்சவ. ஒரு ஆளு ஒரே தப்பை ஒரு கொல்லம், ஒரு வருசம் முழுக்கச் செய்தா அதுக்குள்ள ஒரு காரணம் இருக்கும். அதைக் கேக்க உனக்கு என்ன குறைச்சல்?"  அவருடைய பேருந்து வந்தது.

செல்வி தேறினாள். இனிப்போடு வந்தவளிடம் எஸ்தர் டீச்சர், "இனி ஞாயிற்றுக்கிழம எதுக்கு வாறே? போய் ஒறங்கு" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. கடந்த மாதம் உடம்புக்கு முடியாமல் எஸ்தர் டீச்சரைச் சேர்த்தது செல்வி வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில். அந்த வார்டில் அவளுக்குப் பணி. படுக்கை விரிப்பை மாற்றியதும், புரட்டிப் படுக்கவைத்ததும் அவள்தான். எனக்கு வந்த அழைப்பும் அந்த வார்டின் நடைவழியிலிருந்துதான்.

கடைசியாக நான் போனபோது அவருக்குக் குரல் போயிருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். ஓட்டல் சமையலறையில் வேலை செய்யும் ஒரு புதுப்பெண், எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் விடையோடு ஒன்றைக் கூட்டி எழுதுகிறாள் என்றேன்.

"எதுக்குன்னு கேட்டியா?" உதடு மட்டும் அசைந்தது.

"இன்னும் இல்லை."

"பின்ன?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

செல்வி அழைத்தபோது என் முன்னால் கிடந்தது அந்தப் பெண்ணின் தாள். சிவப்பு மையில் போட்ட கோடு அழியாது. அதன் பக்கத்தில் பென்சிலால் "எதுக்கு?" என்று எழுதிவைத்திருக்கிறேன். எஸ்தர் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு சொல்லைத்தான். கேட்டபின் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்க்க வேண்டும்.