இரண்டாவது சான்றிதழ்

ஒஸ்லோவில் நான் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த காலத்தில், ஸ்டோவ்னர் என்ற புறநகரில் இருந்து வந்த ஒரு பெண்மணியுடன் மாணவர் உதவிப்பண அலுவலகத்துக்குப் போனேன். உயரமான, மெலிந்த உருவம். பேசத் தொடங்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைப்பார். நோயால் பள்ளிக்கூடம் போக முடியாத மகளுக்கு வீட்டில் வைத்து எல்லாப் பாடங்களையும் சொல்லிக்கொடுத்தவர் அவர். பள்ளிக்கூடப் பதிவு இல்லையென்பதால் மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கு அரச உதவிப்பணம் கிடையாது என்று கடிதம் வந்திருந்தது.

"தம்பி, நான் கதைக்கிறன். பதட்டத்திலை சொல் மறந்தால் மட்டும் எடுத்துத் தாங்கோ," என்றார்.

கண்ணாடியைத் துடைத்தார். பிறகு நல்ல நோர்வேஜிய மொழியில் அலுவலரான பெண்ணிடம் கேட்டார்: "மகள் படித்தது வீட்டில்தான். பரீட்சை எழுதியது உங்கள் மண்டபத்தில், உங்கள் வினாத்தாளுக்கு. அதில் என்ன குறை?"

பள்ளிக்கூடத்தில் சேராமல் வெளிவாரியாக மகள் எழுதிய பரீட்சையின் சான்றிதழை அலுவலர் வாசித்தார். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, மகளுக்கு உதவிப்பணம் உண்டு என்றார். அந்தச் சான்றிதழின் அடியில் இன்னொன்றும் இருந்தது.

"இது யாருடையது?"

"என்னுடையது. தனியே மண்டபத்துக்குப் போக அவள் பயந்தாள். துணைக்கு நானும் எழுதினேன்."

"அப்படியென்றால் நீங்களும் விண்ணப்பிக்கலாம்."

அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: "தம்பி, எனக்கு விளங்கினது சரியோ? என்னையோ சொல்லுறா?"

"ஓம் அக்கா, உங்களைத்தான்."

இன்னொரு படிவம் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று நிரப்பத் தொடங்கினார். எந்தப் படிப்புக்கு என்ற கட்டத்தில் மட்டும் அவருடைய கை சற்று நேரம் நின்றது. என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அதை அறிய ஆசையாக இருக்கிறது.