படுக்கையறையைப் பிடித்துக்கொண்ட மிக்சர்

எங்கள் வீட்டுப் படுக்கையறையில் நாங்கள் படுப்பதில்லை. அங்கே என் வீட்டுக்காரரின் பாட்டுக் கலக்கும் மிக்சர் படுத்திருக்கிறது. கட்டில் அகலத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி, மேலே வரிசை வரிசையாகத் திருகும் குமிழ்கள். அதை உள்ளே கொண்டுவரக் கதவையே கழற்றினார் மகானுபாவர். நாங்கள் கூடத்துக்குக் குடிபெயர்ந்தோம்.

பாடுகிறவர்கள் தனித்தனியாகப் பதிந்து கொடுக்கும் குரலையும் வாத்தியங்களையும் கலந்து ஒரே பாட்டாக்குவது அவர் தொழில். எல்லாரும் இப்போது அதைக் கம்ப்யூட்டரில்தான் செய்கிறார்கள். இவரிடம் அந்தப் பேச்சை எடுத்தால் போச்சு. "அது கண்ணால பண்ற வேலை. திரையில கோட்டைப் பாத்துக் கலக்குறானுங்க. நான் காதால பண்றவன்" என்பார். லேப்டாப்பைக் காட்ட வந்த என் தம்பி, காபிகூடக் குடிக்காமல் ஓடினான்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் நேற்று மத்தியானம் சாப்பிடும்போது, "மிக்சரை வித்துடலாம்னு இருக்கேன். கம்ப்யூட்டர்லயே பண்ணிக்கலாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியை நங்கென்று வைத்தேன்.

"என்ன, விளையாடுறீங்களா? இதுக்காகத்தானே இத்தனை வருஷமா கூடத்துல கிடந்து சாகுறேன்? வாஷிங் மெஷின் கீ கீன்னு கத்தினா, 'என் வேலை போச்சு'ன்னு வீட்டையே ரெண்டு பண்ணுவீங்க. இதோ, இப்பகூடத்தான் கத்துது. இப்ப மட்டும் ஏன் வாயே தொறக்கல?"

அவர் கை தட்டிலேயே நின்றது.

"எது கத்துது?" என்றார்.

பின்பக்கம் மெஷின் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சமீபமாக அவர் கலந்து அனுப்பும் பாட்டெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன. 'ஸ' வரும் இடமெல்லாம் கீச்சென்று காதைக் குத்துகிறதாம். நானும் சொன்னேன். "அவனுங்க மைக் சரியில்ல, உனக்கென்ன தெரியும்?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"டாக்டர்ட்ட போயிருந்தேன். கீச்சுச் சத்தம் எதுவும் இனிமே கேக்காதாம். சரியாவும் ஆகாதாம்." தட்டைப் பார்த்தே பேசினார். "கம்ப்யூட்டர்னா கண்ணால பாத்துப் பண்ணலாம்ல."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யாருக்கும் தெரியாமல் தனியாக டாக்டரிடம் போய், தனியாக அதைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்? என்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன கேடு?"

கையைக் கழுவினாரோ இல்லையோ, இழுத்துப் போய் மிக்சர் முன்னால் உட்காரவைத்தேன். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.

"கம்ப்யூட்டர் கதையை அப்புறம் பாக்கலாம். திரும்பி வந்த பாட்டைப் போடுங்க. நீங்க திருகுங்க. குத்தினா நான் கத்துறேன்."

பாடகி முதல் வரியைத் தொடங்கினாள்.

"குத்துது! குறைங்க! இன்னும்! அய்யோ, அவ்ளோ இல்ல, குரலே செத்துப்போச்சு, கொஞ்சம் ஏத்துங்க!"

திருகிக்கொண்டே, "எப்பப் பாரு கத்துறவதானே நீ" என்று முணுமுணுத்தார்.

"அது மட்டும் நல்லாக் கேக்குதுல்ல? பேசாம திருகுங்க" என்றேன்.